ஸ்கோப் இல்லை என்று நான் சொன்ன படிப்பு

பாப்பா,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு நான் "சரி, பாப்போம்" என்றேன். நீ, "வெள்ளிக்கிழமைக்குள்ள அவுகளுக்குப் பதில் சொல்லணும்ப்பா. யோசிச்சுச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டாய். இருபத்தெட்டு வருஷமாக என்னோடு பழகுகிறவள் நீ. நான் 'பாப்போம்' என்றால் 'வேண்டாம்' என்று அர்த்தம் என்பது உன் அம்மாவுக்கு அடுத்தபடியாக உனக்குத்தான் தெரியும். எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் லேப் கெமிஸ்ட் வேலை. சென்னை வேலையை விட்டுவிட்டு அதில் வந்து சேரட்டுமா என்பது உன் கேள்வி. கேட்காமலே சேர்ந்திருக்கலாம். உன் கையில் உன் சம்பாத்தியம் இருக்கிறது, யாரும் உன்னைத் தடுக்க முடியாது. ஆனாலும் கேட்டாய். அந்தக் கேள்விக்கு 'பாப்போம்' என்ற சொல் போதாது என்பதால்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். போனில் எனக்குப் பேச்சு வராது. உனக்கே தெரியும், இரண்டு நிமிஷத்தில் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுகிறவன் நான்.

இப்போது மத்தியானம் மூன்று மணி இருக்கும். பிரஸ்ஸில் அச்சு மெஷின் நிற்கிறது. ஆட்கள் சாப்பிட்டுவிட்டுக் காகிதக் கட்டுகளுக்கு நடுவில் ஆளுக்கொரு மூலையில் கண்ணயர்ந்திருக்கிறார்கள். ஆடிப்பெருக்குக்கு வெளியிட வேண்டிய காலண்டர் மாதிரிகளைச் சுவரெல்லாம் மாட்டியிருக்கிறேன். அடுத்த வருஷத்துச் சாமிகள் ஃபேன் காற்றில் ஒருபக்கமாகத் திரும்பி, மறுபடி என்னைப் பார்க்கின்றன. வெளியே வெயில் வெள்ளையாகக் கொட்டுகிறது. இந்த நேரத்தில் இந்த ஊரில் உட்கார்ந்திருந்தால் விழித்திருக்கிறோமா தூங்குகிறோமா என்று நமக்கே சரியாகத் தெரியாது. அந்த அரைத் தூக்கத்தில்தான் எனக்கு உண்மை சொல்ல வருகிறது.

இன்னொரு விஷயத்தையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு கோபித்துக்கொள்ளாதே. நம் தெருச் சங்கத்தின் ஆண்டு மலர் நம் பிரஸ்ஸில்தான் ஓடுகிறது. விளம்பரம் வராமல் கடைசியில் சில பக்கங்கள் காலியாக நிற்கின்றன. வெள்ளைப் பக்கத்தை அப்படியே விட எனக்கு மனசு வராது. இந்தக் கடிதத்தை அங்கே போட்டுவிடலாமா என்று ஒரு எண்ணம். உன் பெயர் கிடையாது, என் பெயரும் கிடையாது. பிளஸ் டூ முடித்த பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு எந்தப் படிப்புக்கு வேலை கிடைக்கும் என்று ஊரெல்லாம் விசாரிக்கிற அப்பன்மார்கள் இந்தத் தெருவில் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்கும் உதவும். அச்சுக்குப் போகுமுன் உனக்கு அனுப்புகிறேன். வேண்டாம் என்று சொன்னால் எடுத்துவிட்டு ஊதுபத்தி விளம்பரத்தைப் பெரிதாக்கிப் போட்டுவிடுவேன்.

உன் பிளஸ் டூ ரிசல்ட் வந்த கோடையிலிருந்து தொடங்குகிறேன். கோடை என்றால் நமக்கு புரோஷர் சீசன். பட்டாசு லேபிள், காலண்டர் எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்துவிட்டு கல்லூரிகளின் அட்மிஷன் புத்தகம்தான் ராப்பகலாக ஓடும். பச்சைப் புல்வெளி, நீல வானம், லேப்டாப்பைப் பார்த்துச் சிரிக்கிற ஒரு பெண். அதே பெண் மூன்று கல்லூரிகளின் புரோஷரில் சிரித்ததை நான் அடித்திருக்கிறேன். அச்சடிக்கிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. நாங்கள் எழுத்தைப் படிக்க மாட்டோம். படிக்க ஆரம்பித்தால் கண் எழுத்தின் பின்னாலேயே போய்விடும், கலர் கைவிட்டுப் போகும். லென்ஸை வைத்துக்கொண்டு புள்ளியின் மேல் புள்ளி சரியாக உட்கார்ந்திருக்கிறதா, முகத்தில் சிவப்பு கூடிவிட்டதா என்றுதான் பார்ப்போம். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயர் மாறிப்போனாலும் எனக்குத் தெரியாது. அதே பத்திரிகையில் பிள்ளையாரின் காது வெளுத்திருந்தால் பத்தடி தூரத்திலிருந்து கண்டுபிடித்துவிடுவேன்.

அந்தப் பழக்கத்தோடுதான் உன் படிப்பையும் தேர்ந்தெடுத்தேன். ஒரு கல்லூரியின் புரோஷர் எனக்கு அவ்வளவு நன்றாக அமைந்தது. கடைசிப் பக்கத்தில் வேலை கிடைத்த பிள்ளைகளின் போட்டோ வரிசை வரிசையாக. கோட்டு, டை, வகிடெடுத்த தலை. தாள் ஒவ்வொன்றாக வந்து விழ விழ, அந்த வரிசையில் உன் முகம் இருப்பதாக எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. மெஷின் ஓடுகிற சத்தத்தைக் கொஞ்ச நேரம் தொடர்ந்து கேட்டால் அதில் ஒரு தாலாட்டு வந்துவிடும். அந்தத் தாலாட்டில் நான் முடிவெடுத்தேன். வீட்டுக்கு வந்து ஒரு பிரதியை உன் முன்னால் வைத்தேன். நீ முன்பக்கத்துப் புல்வெளியைப் பார்க்கவே இல்லை. நேரே கடைசிப் பக்கத்துக்குப் போய் அரைமணி நேரம் படித்தாய்.

"அப்பா, இது நீங்க அடிச்சதுதானே? வாசிச்சுப் பாத்தீகளா?"

"கலர் எப்படி வந்திருக்கு பாரு" என்றேன்.

"கலரைக் கேக்கலப்பா. எலக்ட்ரானிக்ஸ்னு போட்டு இம்புட்டு போட்டோ இருக்கு. கீழ என்ன வேலைன்னு பாருங்க. இவரு லோன் வசூல். இந்த அக்கா இன்சூரன்ஸ். இவுக அம்புட்டுப் பேரும் ஆஸ்பத்திரி பில்லு போடுறாக. எலக்ட்ரானிக்ஸ் படிச்சிட்டு எலக்ட்ரானிக்ஸ் வேலைக்கு ஒருத்தர்கூடப் போகலையே."

"வேலைக்குப் போயிருக்காகல்ல? அதுதான் முக்கியம்."

பதினேழு வயதில் உனக்குத் தெரிந்தது நாற்பத்தைந்து வயதில் எனக்குத் தெரியவில்லை. அந்த மாதம் முழுக்க நீ ஒரு நோட்டை வைத்துக்கொண்டு அலைந்தாய். பிரஸ்ஸுக்கு வருகிற ஏஜென்ட், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர், கல்யாண வீட்டுப் பந்தியில் எதிரே இருந்தவர், ஒருவரையும் விடவில்லை. என்ன படித்தீர்கள், இப்போது என்ன செய்கிறீர்கள். இரண்டே கேள்வி. சிவில் படித்தவர் செல்போன் கடை வைத்திருந்தார். மைக்ரோபயாலஜி படித்த அக்கா வீட்டிலிருந்தே சேலை விற்றாள். மெக்கானிக்கல் படித்த இரண்டு பேர் காலண்டர் ஆர்டர் பிடிக்கப் பை தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார்கள். நர்ஸ் படிப்புப் படித்தவர்கள் நர்ஸாகவே இருந்தார்கள். பி.காம். படித்தவர்கள் ஆடிட்டர் ஆபீசிலும் கம்பெனிகளிலும் கணக்குதான் பார்த்தார்கள். கெமிஸ்ட்ரி படித்தவர்கள் பட்டாசிலும் தீப்பெட்டியிலும், நாம் மை வாங்குகிற கம்பெனியிலும் அதே கெமிஸ்ட்ரியைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். அந்த நோட்டை என் முன்னால் வைத்து, "நம்ம ஊர்ல படிச்ச வேலையிலயே இருக்குறவுக இவுகதான்ப்பா. எனக்குக் கெமிஸ்ட்ரி பிடிச்சிருக்கு. விருதுநகர்ல சேத்து விடுங்க. தினமும் பஸ்ல போயிட்டு வந்துருவேன்" என்றாய்.

நான் நோட்டைப் புரட்டக்கூட இல்லை. "அதுல ஸ்கோப் இல்ல, பாப்பா" என்றேன்.

ஸ்கோப். இந்த ஒரு சொல்லுக்கு நம் வீடுகளில் இருக்கிற அதிகாரம் வேறு எதற்கும் கிடையாது. அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. டீக்கடையில் ஒருவர் சொல்வார், அதைக் கேட்டவர் தன் வீட்டில் போய்ச் சொல்வார். ஒரு வருஷம் ஒரு படிப்புக்கு ஸ்கோப் இருக்கும், பிள்ளைகள் எல்லாம் அதில் போய் விழுவார்கள், வெளியே வரும்போது அந்த ஸ்கோப் வேறு படிப்புக்குப் போயிருக்கும். ஸ்கோப் இல்லை என்று அப்பன் சொல்லிவிட்டால் பிள்ளை அதற்குமேல் வாதாட வழியில்லை. நீயும் வாதாடவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாய். அன்று இரவு சாப்பிட வந்தபோது உன் கண் சிவந்திருந்தது. பார்த்தும் பார்க்காத மாதிரி ரசத்தை ஊற்றிக்கொண்டேன்.

எலக்ட்ரானிக்ஸ் படித்தாய். நன்றாகவே படித்தாய், அதுதான் உன் குணம். கடைசி வருஷம் கேம்பஸில் வேலை கிடைத்தது என்று போன் செய்தாய். என்ன வேலை என்று நான் கேட்கவில்லை, கம்பெனி பெயரைக் கேட்டேன், ஆங்கிலத்தில் நீளமாக இருந்தது, அதிலேயே எனக்கு வயிறு நிறைந்துவிட்டது. அடுத்த கோடையில் அந்தக் கல்லூரியின் புரோஷர் வழக்கம்போல நம் பிரஸ்ஸுக்கு வந்தது. கடைசிப் பக்கத்தில் நீ இருந்தாய்.

அந்த நாளை உனக்கு எப்படிச் சொல்வது. நம்முடையது இரண்டு கலர் மெஷின் என்பதால் ஒரு தாள் இரண்டு தடவை ஓட வேண்டும். முதல் ஓட்டத்தில் நீலமும் கறுப்பும். நீல முகத்தோடு நீ கட்டுக்கட்டாக வந்து விழுந்தாய். மை காய வேண்டும் என்பதால் ஒரு நாள் முழுக்க அப்படியே அடுக்கி வைத்திருந்தோம். தண்ணீருக்கடியில் தூங்குகிற பிள்ளையைப் போல ஆயிரக்கணக்கில் நீ அந்த அறையில் கிடந்தாய். மறுநாள் சிவப்பும் மஞ்சளும் ஏறியது. கன்னத்தில் ரத்தம் வந்தது, நெற்றிப் பொட்டு வந்தது, கண் விழித்த மாதிரி ஆகிவிட்டது. நான் மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு ஒரு தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நின்றேன். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. அப்போதும் உன் போட்டோவுக்குக் கீழே இருந்த எழுத்தை நான் படிக்கவில்லை.

பெருமையாக ஒரு பிரதியை உனக்கு கூரியரில் அனுப்பினேன். நீ போன் செய்தாய்.

"எலக்ட்ரானிக்ஸ்னு மேல போட்டிருக்காக. நான் பாக்குறது அமெரிக்கா ஆஸ்பத்திரி பில்லுப்பா. இந்தப் பக்கத்தைப் பாத்துட்டு எத்தனை பிள்ளைக வந்து சேருமோ. என் மூஞ்சியக் காட்டிக் கூப்பிடுறாக. அதை அடிச்சுக் குடுத்தது நீங்க."

"மூஞ்சி அழகா வந்திருக்கே, தாயி" என்றேன்.

நீ வைத்துவிட்டாய். அதைச் சொன்ன என் வாயை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சலாக வருகிறது. அதோடு நிற்கவில்லை. அடுத்த வருஷமும் அதே போட்டோவோடு அந்த ஆர்டர் வந்தது, அதையும் அடித்துக் கொடுத்தேன். அந்தத் தடவை மட்டும் கீழே இருந்ததைப் படித்தேன். உன் பெயர், எலக்ட்ரானிக்ஸ், கம்பெனி பெயர். மூன்றில் ஒன்றுகூடப் பொய் இல்லை, சேர்த்துப் படித்தால்தான் பொய். மூன்றாம் வருஷம் அந்த ஆர்டரையே விட்டுவிட்டேன். உன்னிடம் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

அதற்குள் நீ உன் வழியைப் பார்க்க ஆரம்பித்திருந்தாய். எனக்குத் தெரியாமல் தொலைதூரக் கல்வியில் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி சேர்ந்து, வாரமெல்லாம் பில் போட்டுவிட்டு சனி ஞாயிறுகளில் ஏதோ ஒரு கல்லூரியின் லேப்பில் நின்று மூன்று வருஷம் படித்திருக்கிறாய். பொங்கலுக்கு வந்தால் ஒரு நாளில் கிளம்பிவிடுவாய். வேலை அதிகம் போல என்று நினைத்துக்கொண்டேன். பாஸாகிவிட்டாய் என்று உன் அம்மா சொன்னபோது நான் தோசையில் கையை வைத்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா ஸ்கோப் இல்லம்பீக. எதுக்கு வம்புன்னு நாந்தான் சொல்ல வேணாம்னேன்" என்றாள் உன் அம்மா, சட்னியை என் பக்கம் தள்ளிக்கொண்டே.

இனி சொல்லப்போவது உன் அம்மாவுக்கும் தெரியாது. நான் கெமிஸ்ட்ரி வேண்டாம் என்றதற்கும் ஸ்கோப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கெமிஸ்ட்ரி படித்தால் நம் ஊரில் உடனே வேலை கிடைக்கும் என்பது எனக்கு உன்னைவிட நன்றாகத் தெரியும். கிடைத்துவிடுமே என்பதுதான் என் பயம்.

நீ நாலாங்கிளாஸ் படித்த வருஷம். அப்போது எனக்குச் சொந்த மெஷின் கிடையாது, வேறொருவர் பிரஸ்ஸில் இருந்தேன். லேபிள் கட்டுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்குப் போவேன். அங்கே கட்டுகளை எண்ணி வாங்கி வைக்க ஒரு பெண் வருவாள். பத்தொன்பது, இருபது வயது இருக்கும். கை எப்போதும் அலுமினியத் தூளில் வெள்ளி மாதிரி மின்னும். லேபிள் லோடு வராத நேரத்தில் வேறு ரூமில் வேலை செய்வாள். மெஷின் ஓட்டத் தொடங்கும்போது கலர் விலகி வீணாகிற தாள்கள் இருக்குமல்லவா, அதைக் கேட்பாள். "அண்ணாச்சி, வேஸ்ட் தாள் இருந்தா கொண்டாங்க. தங்கச்சி நோட்டுக்கு அட்டை போடணும்." ஒவ்வொரு தடவையும் சரி சரி என்பேன், மறந்துவிடுவேன். ஒரு நாள் மறக்காமல் நல்ல ராக்கெட் படம் போட்ட தாளாகப் பார்த்து எடுத்து, சுருட்டிக் கட்டி, வீட்டில் கதவோரம் வைத்தேன். மறுநாள் அதை எடுக்காமலே கிளம்பிவிட்டேன். அன்று அவள் சிரித்தாள். "அடுத்த லோடுலயாவது மறக்காதீக" என்றாள். அவள் பெயர் என்னவென்று நான் கேட்டதே இல்லை.

கம்பெனியிலிருந்து கிளம்பி, இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். டீ கையில் இருக்கும்போது சத்தம் கேட்டது. முதலில் காதில் கேட்கவில்லை, காலுக்குக் கீழே தரை ஒரு தடவை மூச்சு விட்ட மாதிரி இருந்தது. பிறகுதான் சத்தம். ஒவ்வொருவர் கைக்கும் செல்போன் வந்துகொண்டிருந்த காலம். கடையில் இருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் போனை எடுத்தார்கள். டீ போட்டுக்கொண்டிருந்த அம்மா அடுப்பை விட்டுவிட்டு நம்பரை அழுத்திக்கொண்டே இருந்தாள். எடுத்துவிட்டார்கள் போல. "எங்கனடி இருக்கே? பேசு, பேசு" என்று சொல்லி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குப் போன் செய்ய அங்கே யாரும் இல்லை. பெயர் தெரியாத ஒரு பெண்ணுக்கு எப்படிப் போன் செய்வது. ஆட்கள் கம்பெனியைப் பார்த்து ஓடினார்கள். நானும் ஓடியிருக்க வேண்டும். வண்டி இருந்தது, அடிபட்டவர்களைத் தூக்கிப் போடவாவது உதவியிருக்கும். நான் வண்டியை எடுத்து எதிர்ப்பக்கம் ஓட்டினேன், பாப்பா. ஆனைக்குட்டம் அணை வரைக்கும் நிற்காமல் ஓட்டினேன்.

அங்கே கரையில் உட்கார்ந்திருந்தேன். அந்த வருஷம் தண்ணீர் கொஞ்சம் இருந்தது. கொக்குகள் நின்றன. தூரத்தில் யாரோ துணி துவைக்கிற சத்தம் வந்தது. வெயில் தண்ணீரில் உடைந்து உடைந்து வெள்ளித் தூளாக மிதந்தது. எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியவில்லை. நடந்தது எல்லாம் வேறு யாருக்கோ நடந்த மாதிரி, நான் இன்னும் கம்பெனிக்கே போகவில்லை, தாள் கட்டு என் மடியில் இருக்கிறது, இனிமேல்தான் போய்க் கொடுக்கப்போகிறேன் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. பொழுது சாய்ந்த பிறகு வீட்டுக்கு வந்தேன். கதவோரத்தில் தாளைக் காணோம். நீ கூடத்தில் உட்கார்ந்து கத்தரிக்கோலும் பசையுமாக உன் நோட்டுக்கெல்லாம் ராக்கெட் அட்டை போட்டு முடித்திருந்தாய். "எனக்குத்தான கொண்டு வந்தீக?" என்றாய். ஆமாம் என்றேன். அவள் இல்லை என்று மறுநாள் கம்பெனி குமாஸ்தா சொன்னார். அந்த வருஷம் முழுக்க நீ அந்த நோட்டுகளைத் தூக்கிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போனாய்.

எட்டு வருஷம் கழித்து நீ வந்து கெமிஸ்ட்ரி என்றபோது எனக்கு அந்த வெள்ளிக் கைதான் ஞாபகம் வந்தது. பயமாக இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். அப்பன் பயப்படுகிறான் என்று தெரிந்தால் பிள்ளை வாதாடுமே, கேள்வி கேட்குமே, அன்றைக்கு எங்கே ஓடினீர்கள் என்று கேட்டுவிடுமே. ஸ்கோப் என்று சொல்லிவிட்டால் கேள்வி இல்லை. என் பயத்துக்கு நீ நாலு வருஷப் படிப்பையும், அதற்குப் பிறகு யாரோ ஊர் தெரியாதவர்களின் ஆஸ்பத்திரி பில்லையும் சுமந்தாய். என்னை மன்னித்துவிடு என்று நேரில் கேட்க எனக்கு வராது, அதனால் இங்கே கேட்கிறேன்.

ஞாயிறு நீ கேட்டாய். நேற்று, செவ்வாய்க்கிழமை, நான் அந்த எம். புதுப்பட்டிக் கம்பெனிக்குப் போனேன். லேபிள் மாதிரி காட்ட வந்ததாகச் சொல்லி உள்ளே போய், லேப் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டு, தோட்டம் பார்க்க வந்தவன் மாதிரி வேப்பமரங்களுக்கு நடுவே உலாத்தினேன். நீ யாருடைய இடத்துக்கு வரப்போகிறாயோ அந்த அம்மா என்னைப் பார்த்துவிட்டாள். மகன் வீட்டோடு கோயம்புத்தூர் போகப்போகிறவள். இருபது வருஷமாக அங்கேயே கெமிஸ்ட்.

"வாங்க அண்ணாச்சி. லேபிள் ஆபீஸ்லல்ல காட்டணும்?"

"சும்மா, அப்படியே பாத்துட்டுப் போலாம்னு."

"பொம்பளப் பிள்ளையப் பெத்தவுக அம்புட்டுப் பேரும் சும்மாத்தான் வாராக. உள்ள வாங்க, மோர் குடிங்க."

லேப் கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது, வெடிமருந்து கலக்கிற ரூம்கள் தூரத்தில் மண்மேட்டுக்குப் பின்னால். முதலில் நான் அளந்தது அந்தத் தூரத்தைத்தான். அவள் எனக்கு ஒவ்வொன்றாகக் காட்டினாள். வருகிற லோடு ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எடுத்துப் பார்க்க வேண்டுமாம். கந்தகத்தில் அமிலம் இருக்கிறதா, அலுமினியத் தூளில் ஈரம் இருக்கிறதா, எதிலாவது மணல் கலந்திருக்கிறதா. இதில் எது இருந்தாலும் கலக்கும்போதே வெடித்துவிடக்கூடுமாம். சரியாக இருந்தால் கையெழுத்து, பிறகுதான் அது உள்ளே போகும். நீ எலக்ட்ரானிக்ஸும் படித்திருப்பதால் புதிதாக வாங்கிய கருவிகளையும் பார்த்துக்கொள்வாய் என்று முதலாளிக்கு சந்தோஷமாம். அதைக் கேட்டதும் 'பார்த்தாயா, நான் போட்ட படிப்பு' என்று மனசு துள்ளியது. மோரைக் குடித்து அடக்கிக்கொண்டேன்.

"கெமிஸ்ட்ரி எல்லாருக்கும் தெரியும் அண்ணாச்சி" என்றாள் அந்த அம்மா. "தீபாவளிக்கு முந்தி, ஆர்டர் மேல ஆர்டர் நிக்கும்போது, இந்த லோடு ஆகாது, திருப்பி அனுப்புங்கன்னு சொல்றதுதான் வேலை. ஒரு தடவை நான் சொன்னேன். பெரிய முதலாளி இருந்த காலம். சீசன்ல வந்து லோடைத் திருப்புறியான்னு சத்தம் போட்டு, நாளையில இருந்து வராதேன்னுட்டாக. ரெண்டு நாள் வீட்டுல இருந்தேன். மூணாவது நாள் அவுகளே காரு அனுப்பிச்சாக."

"காரு அனுப்பலைன்னா?"

"வேற எங்கயாச்சும் போயிருப்பேன். கையெழுத்துப் போட்டுட்டு எனக்குத் தூக்கம் வராது."

நான் எழுந்து வெளியே வந்தேன். வேப்பமரத்தடியில் பெண்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லோர் கையும் வெள்ளி. ஏழாயிரம்பண்ணைக் கம்பெனியில் அப்படி ஒரு கரண்டி எடுத்துப் பார்க்க, ஆகாது என்று சொல்ல, அன்றைக்கு ஓர் ஆள் இருந்திருந்தால் என்று நினைத்தேன். என்ன காரணத்தால் நடந்தது என்று எனக்குத் தெரியாது, ஆள் இருந்தும் நடந்திருக்கலாம். ஆனால் வண்டியில் திரும்பி வரும்போது வழியெல்லாம் அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன். நான் ஓடிவந்த இடத்துக்கு நீ படித்துவிட்டுப் போகிறாய். உன்னைத் தடுக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது.

இதைப் படிக்கிற மற்ற அப்பன்மார்களுக்கு ஒரு வார்த்தை. புரோஷரை முன்னால் வைத்துக்கொண்டு படிப்பைத் தேடாதீர்கள், அதை அடிக்கிறவனே சொல்கிறேன். அந்தப் படிப்பை முடித்து ஐந்து வருஷம் ஆனவர்களைத் தேடிப் பிடித்து, இப்போது என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேளுங்கள். உங்கள் பிள்ளை ஏற்கெனவே கேட்டு வைத்திருந்தால் அதன் நோட்டை வாங்கிப் படியுங்கள்.

உனக்கு என் பதில், சேர்ந்துகொள். இதை இன்றைக்கே கூரியரில் போடுகிறேன், வெள்ளிக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம், படித்த உடனே அவர்களிடம் சொல்லிவிடு. திருப்ப வேண்டிய லோடைத் திருப்பு. சத்தம் போட்டால் வீட்டுக்கு வந்துவிடு, எத்தனை நாளானாலும் இரு, கார் வராவிட்டாலும் பரவாயில்லை. அம்மா மாடி அறையை இப்போதே ஒழிக்க ஆரம்பித்துவிட்டாள். நான் இன்னும் பதிலே சொல்லவில்லை, அவளுக்கு எப்படித் தெரிந்ததோ.

பயம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. போகாது. நீ அங்கே இருக்கிற ஒவ்வொரு நாளும் நான் இங்கே மெஷின் பக்கத்தில் நின்று ஒரு காதை எம். புதுப்பட்டிப் பக்கம் வைத்திருப்பேன். எங்காவது சத்தம் கேட்டால், அது கல்குவாரி வெடியாக இருந்தாலும் சரி, லாரி டயராக இருந்தாலும் சரி, உனக்குப் போன் செய்வேன். நீ வேலையில் இருப்பாய், கையில் கரண்டி இருக்கும், எரிச்சலாக வரும், பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். இருந்தாலும் எடு. எடுத்து "இருக்கேன்ப்பா" என்று மட்டும் சொல். நான் வேறு எதுவும் கேட்காமல் வைத்துவிடுவேன்.

அப்பா